தலைமடையில் நின்ற கோட்டு

செப்கோரா,
கெரியோ பள்ளத்தாக்கு
12-2-1984

கிமோயின் அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் உடம்பையும் கடவுள் அப்படியே வைத்திருக்கட்டும். கிமோய்க்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். சின்னவள் செரோப் இப்போது நன்றாகப் பேசுகிறாள், பேசுவதை விட அதிகமாகச் சண்டை போடுகிறாள். அவள் வயிற்றில் இருந்தபோது நீங்கள் மொம்பாசாவுக்குப் போனது. அவளுக்குக் காட்ட உங்கள் படம் ஒன்று அனுப்பச் சொன்னேனே, மறந்துவிட்டீர்களா?

மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். போன மழையும் ஏமாற்றிவிட்டது. மலைச்சரிவு வாய்க்காலில் ஒரு சாண் தண்ணீர்தான் ஓடுகிறது. ஊரே அதை நம்பித்தான் இருக்கிறது. நம் முறை வரும்போது தண்ணீரை நம் வயலுக்குத் திருப்பிவிட உங்கள் தம்பி கிலிமோவிடம்தான் நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள். அவர் நம் முறையன்று மேலே மடைக்குப் போகத்தான் செய்கிறார். ஆனால் மடையைத் திறப்பது அவர் வயலுக்கு. அவர் வயல் குடித்து முடித்த பிறகு கடைசியில் ஒழுகும் சேற்றுத்தண்ணீர் நமக்கு வருகிறது. சோளம் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது.

கேட்கலாம் என்றால் எங்கே போய்க் கேட்பது? வாய்க்கால் கூட்டம் நடக்கும் அத்திமரத்தடிக்குப் பெண்பிள்ளை போக முடியாது. போகிற வழியில் வெள்ளைப் பாறைக்கு மேலே பெண் காலெடுத்து வைத்தால் வாய்க்கால் கோபித்துக்கொண்டு வற்றிவிடும். பாறைக்குக் கீழே நின்றுதான் கூப்பிட்டேன். கிலிமோ திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்: "அண்ணி, தண்ணி விஷயம் எங்க விஷயம். நீங்க அடுப்பப் பாருங்க." அடுப்பில் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீங்கள் ஒரு தடவை வந்து போங்கள். முடியாவிட்டால் தம்பிக்கு ஒரு கடிதமாவது போடுங்கள். நம் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை பிறந்திருந்தால் இந்தக் கெஞ்சல் எனக்கு இருந்திருக்காது.

உங்கள்
ஜெபிவோட்


மொம்பாசா
3-3-1984

அன்புள்ள ஜெபிவோட்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிமோயின் பல்லைப் பற்றி வாசித்துச் சிரித்தேன். இங்கே கப்பல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. மேலதிகாரியிடம் லீவு என்ற சொல்லை எடுத்தாலே முகத்தைத் தூக்கிக்கொள்கிறார். இந்த வெயிலில் உப்புக்காற்றில் மூட்டை தூக்கினால் உனக்குப் புரியும், நான் இங்கே சொகுசாக இல்லை.

கிலிமோ என் ரத்தம். அவனுக்குக் கொஞ்சம் கை நீளம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காகப் பெண்பிள்ளை பாறைக்குக் கீழே நின்று கூவுவதா? ஊர் என்ன சொல்லும்? கிசாங் பெண்டாட்டியை அடக்கி வைக்கவில்லை என்றுதான் சொல்லும். பொறுமையாக இரு. தண்ணீர் நம் அப்பாக்கள் வெட்டிய தண்ணீர். அது எப்படியும் நம் வயலுக்கு வந்து சேரும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே தேங்காய்ப்பாலில் மீன் வேகவைத்துச் சோற்றோடு தருகிறார்கள். முதலில் குமட்டியது, இப்போது பழகிவிட்டது. உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருக்கிறது. படம் எடுத்ததும் அனுப்புகிறேன்.

வெள்ளைப் பாறையைத் தாண்டிவிடாதே. நம் குடும்பத்தின் பேர் உன் காலடியில் இருக்கிறது.

அன்புடன்
கிசாங்


செப்கோரா
25-3-1984

கிமோயின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் இனிமேல் சோளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நம் முறைத்தண்ணீர் இப்போது நம் வயலுக்கே வருகிறது, முழுசாக வருகிறது. பயிர் பச்சை பிடித்திருக்கிறது. கிலிமோவுக்கு நீங்கள் எழுதத் தேவையில்லை.

மீனும் தேங்காய்ப்பாலும் என்று எழுதியிருந்தீர்கள். நம் பள்ளத்தாக்கில் மீனைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல நகர்ந்து போகிறவர்கள் நாம். உங்களுக்கு அது பழகிவிட்டதாம்! அது கிடக்கட்டும். தேங்காய் யார் துருவுகிறார்கள்? நீங்களா? இங்கே இருந்தவரை அடுப்புப் பக்கம் வந்து ஒரு சுள்ளியைத் தள்ளிவிட்டது கிடையாது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் அப்பா வெள்ளைக்காரன் சண்டையிலிருந்து கொண்டுவந்த பச்சைக் கோட்டு பெட்டியில் பூச்சி அரித்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து வெயில் காட்டினேன். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

படம் வரவில்லை.

உங்கள்
ஜெபிவோட்


மொம்பாசா
20-4-1984

ஜெபிவோட்,

எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நேற்று நம் ஊர்த் தாருஸ் வேலை தேடி இங்கே வந்து சேர்ந்தான். துறைமுக வாசலில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டான். "நீ எப்படிடா எனக்கு முன்னாடி வந்து நிக்கிற?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "போன வாரம் உன்ன தலைமடையில பாத்தேனேடா. உங்கப்பா கோட்டப் போட்டுக்கிட்டு, வாயில புல்லக் கடிச்சுக்கிட்டு தண்ணி நடத்திட்டு வந்த. நான் கூப்பிட்டேன், நீ கையத் தூக்கின. நீ ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களே!" என்றான்.

நான் ஊருக்கு வந்திருக்கிறேனாம்! கடல்காற்றில் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கிறேனாம். நம் முறை வரும்போது மட்டும் விடியலில் எழுந்து போகிறேனாம். இதையெல்லாம் ஊருக்குச் சொன்னது நீயாம்.

அவன் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தாருஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

யார் அவன்? என் கோட்டுக்குள் இருக்கிறவன் யார்? என் வீட்டில் படுத்து, என் மண்வெட்டியைத் தூக்கி, என் பேரில் கை காட்டுகிறவன் யார்? "முறைத்தண்ணீர் முழுசாக வருகிறது" என்று நீ எழுதியதை நான் என்னவோ என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது. பிள்ளைகள் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

உண்மையை எழுது. அவன் பேரை எழுது. மாட்டையோ ஆட்டையோ வாங்கிக்கொண்டு தீர்த்துக்கொள்கிற விஷயம்தான் இது. ஆனால் பேர் எனக்குத் தெரிய வேண்டும்.

கிசாங்


செப்கோரா
8-5-1984

கிமோயின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு அழுகை வந்தது. மூன்று வருஷம் தனியாக இருந்தவளைப் பற்றி உங்களுக்கு முதலில் தோன்றியது இதுதானா?

பேர் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். கோட்டுக்குள் இருந்தது நான்தான்.

திடுக்கிட வேண்டாம். திடுக்கிடுவதற்கு முன்னால் முழுவதையும் வாசியுங்கள்.

உங்கள் மார்ச் கடிதம் வந்த அன்று வயலில் போய் நின்றேன். இலை சுருண்டு குழல் மாதிரி ஆகியிருந்தது. ஒடித்தால் தண்டில் ஈரம் இல்லை. அடுத்த முறையும் தவறினால் பிள்ளைகளுக்குக் களி கிண்டப் பிடி மாவு இருக்காது. பொறுமையாக இரு என்று எழுதியிருந்தீர்கள். சோளத்துக்குப் பொறுமை தெரியவில்லையே, நான் என்ன செய்ய?

நம் முறை வந்த அன்று விடியும் முன் கோட்டை மாட்டினேன். உங்கள் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டேன். இடது தோளைச் சரித்துக்கொண்டு நடப்பீர்களே, அதே மாதிரி நடந்தேன். வெள்ளைப் பாறைக்கு முன்னால் கால் ஓடவில்லை. சின்ன வயதிலிருந்து அதைத் தாண்டினால் ரத்தம் கக்கிச் சாவோம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்களே. கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பறவை கத்தியது, அவ்வளவுதான்.

தண்ணீர் நடத்துகிறவன் வாயில் புல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் வயலைத் தொடும்வரை பேசாமல் வர வேண்டும் என்ற வழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. மடையை அடைந்தபோது கிலிமோ அங்கே குந்தியிருந்தார், வழக்கம்போல நம் முறையைத் தன் வயலுக்குத் திருப்ப. என் நிழலைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அரைவெளிச்சம். கோட்டைத்தான் பார்த்தார். "அண்ணே! எப்பண்ணே வந்தீங்க? நான் சும்மா... மடையில இலை அடைச்சிருக்கான்னு பாக்க வந்தேன்" என்றார். நான் புல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். மனிதர் மண்வெட்டியை விட்டுவிட்டு ஓடிய ஓட்டம்! உங்கள் தம்பி இத்தனை வேகமாக ஓடுவார் என்று எனக்குத் தெரியாது.

மடையின் கல்லைப் புரட்டினேன். தழையும் சேறும் வைத்து மறுபக்கத்தை அடைத்தேன். தண்ணீர் என் காலைச் சுற்றிக்கொண்டு நம் பக்கம் திரும்பியது. அதன் கூடவே நடந்தேன். அது ஒரு நாய்க்குட்டி மாதிரி நின்று நின்று வந்தது. வாய்விட்டுக் கூவ வேண்டும் போல இருந்தது, வாயில் புல் இருந்ததால் தப்பித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நான்தான் போகிறேன். ஆண்கள் தூரத்திலிருந்து கூப்பிடுவார்கள், கையைத் தூக்குவேன். நீங்கள் தொண்டை கட்டிப் படுத்திருப்பதாக நான்தான் சொன்னேன். ஆண்கள் நம்பிவிட்டார்கள். பெண்களுக்கு முதல் வாரமே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி என் குதிகால் சேற்றைப் பார்த்துவிட்டு, "உன் புருஷனுக்கு உன் காலாடி?" என்று கேட்டுவிட்டு, தன் கால் எண்ணெயைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

வாய்க்கால் வற்றவில்லை, கிமோயின் அப்பா. மழையும் பொய்த்துவிட்டது, பக்கத்துக் குலத்தார் வாய்க்காலும் வற்றிவிட்டது. நம்முடையது இன்னும் ஓடுகிறது. சோளம் இப்போது என் தலைக்கு மேலே நிற்கிறது.

இதுதான் நடந்தது. இப்போதாவது நிம்மதியாகத் தூங்குங்கள்.

தேங்காய் விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

உங்கள்
ஜெபிவோட்


மொம்பாசா
28-5-1984

ஜெபிவோட்,

நிம்மதியாகத் தூங்கு என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இது வேறு ஒருவனாக இருந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொள்கிறேன். ஆமாம், எழுதுகிறேன், வேறு ஆணாக இருந்திருந்தால் எனக்குப் பாதி வேதனை. அவனிடம் அபராதம் வாங்கியிருப்பேன், உன்னை நாலு வார்த்தை திட்டியிருப்பேன், ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் தலைமடையில் பெண்பிள்ளை! மடைக்கல்லில் கை! தண்ணீருக்குள் கால்! எங்கள் அப்பா இதைக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பார். தாருஸிடம் சொன்னேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

வாய்க்கால் வற்றவில்லை என்று பெருமையாக எழுதுகிறாய். அது நின்று கணக்குத் தீர்க்கும். இந்தக் குற்றத்துக்கு என்ன பரிகாரம் என்று உனக்கே தெரியும். தலைமடையை உடைத்துத் தண்ணீரை ஆற்றில் விட்டு, ஆட்டுக்கடா வெட்டி, பெரியவர்கள் ஓதி முடிக்கும்வரை வாய்க்கால் காய்ந்து கிடக்க வேண்டும். நம் பெண்களை நாளைக்கு யார் கட்டுவார்கள்? "தண்ணீரைத் தீண்டியவள் மகள்" என்பார்கள்.

நான் இதை மறைத்தால் நானும் உடந்தை. வேலை கிடைக்காமல் தாருஸ் ஊர் திரும்புகிறான். வாய்க்கால் தலைவர் சுதேரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கிசாங்குக்கு இதில் பங்கில்லை, அவன் கடற்கரையில் இருக்கிறான் என்று கூட்டத்தில் தெளிவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தீர்ப்புச் சொல்லும்வரை நீ என் வீட்டில் இருக்க வேண்டாம். உன் அப்பா வீட்டுக்குப் போ. பிள்ளைகளைக் கிலிமோ வீட்டில் விட்டுப் போ.

கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, தேங்காய் துருவுகிறவள் பேர் மவானைஷா. இரண்டு வருஷமாக இங்கே என்னோடு இருக்கிறாள். ஓர் ஆண்பிள்ளையும் இருக்கிறான். இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை. நம் அப்பாக்களுக்கு எத்தனை வீடு இருந்தது! ஆண் இன்னொரு அடுப்பு வைப்பது வழக்கம். பெண் மடை திறப்பது வழக்கம் இல்லை. இந்த வித்தியாசம் உனக்கு என்றைக்குப் புரியப்போகிறது?

கிசாங்


செப்கோரா
15-7-1984

மொம்பாசாவில் இருப்பவருக்கு,

உங்கள் கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே தாருஸ் வந்துவிட்டான். வந்த கையோடு நேராக அத்திமரத்தடிக்குப் போனான். உங்கள் கடிதத்தை நான் அதற்குப் பிறகுதான் வாசித்தேன். ஆண்பிள்ளை இருப்பதை நீங்கள் எழுதியிருந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். எனக்குச் சுள்ளென்று பட்டது மவானைஷா இல்லை. பிள்ளைகளைக் கிலிமோ வீட்டில் விட்டுப் போ என்று எழுதியிருந்தீர்களே, அதுதான்.

கூட்டத்தில் நடந்ததை எழுதுகிறேன். இன்னும் எனக்கே நம்ப முடியவில்லை.

என்னைக் கூப்பிட ஆள் வந்தது. வெள்ளைப் பாறையில் நின்றேன். "மேல வா" என்றார் சுதேர். "வரக் கூடாதே" என்றேன். "வந்தவதானே, வா" என்றார். கோட்டையும் கொண்டுவரச் சொன்னார். ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் தன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

தாருஸ் நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். கிலிமோ எழுந்து குதித்தார். "மடைய உடைங்க! பரிகாரம் பண்ணுங்க! எங்க குடும்ப மானமே போச்சு!"

சுதேர் வயல்களின் பக்கம் கையைக் காட்டினார். சோளம் எல்லாம் பால்கட்டும் பருவத்தில் நிற்கிறது. "இன்னைக்கு மடைய உடைச்சா ஊர் முழுக்கப் பட்டினி. பக்கத்துக் குலத்துக்காரங்க இப்பவே நம்மகிட்ட மாவு கேட்டு வர்றாங்க. உடைக்கலாம்னு சொல்றவன் கையத் தூக்கு" என்றார்.

யாரும் தூக்கவில்லை. கிலிமோவின் கைகூடக் கீழே இறங்கிவிட்டது.

"சரி. தலைமடையில நீங்க பாத்தது யார?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். "கிசாங்" என்றார்கள். கிலிமோவிடம் வந்தார். "நீ யார பாத்து மண்வெட்டிய விட்டுட்டு ஓடின? அண்ணனையா, அண்ணியையா? யோசிச்சுச் சொல்லு. அண்ணின்னா, அன்னைக்கு நீ அவங்க மடையில என்ன பண்ணிட்டு இருந்தன்னும் சேத்துச் சொல்லணும்." கிலிமோ நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணனத்தான்" என்றார்.

"அப்போ பெண்பிள்ளை யாரும் வரல. வாய்க்காலுக்கும் கோபம் இல்ல, அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. தண்ணி நடத்தினது கிசாங். இனிமேலும் நடத்தப்போறது கிசாங். கோட்டப் போடுப்பா" என்றார் என்னிடம்.

போடுப்பா என்றார். நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். தாருஸ் பாவம், எழுந்து நின்று கத்தினான்: "கிசாங் மொம்பாசாவுல இருக்கானே! நான் என் கண்ணால பாத்தேனே!" சுதேர் திரும்பிப் பார்த்தார். "அங்க இருக்கிறவன் யாரோ. வந்தான்னா வரட்டும். விருந்தாளிக்குக் களி உண்டு, பால் உண்டு. மடை கிடையாது. ஒரு கிசாங்குக்கு ஒரு முறைதான்."

அவர் சொன்னதன் அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுசாக உறைத்தது. நீங்கள் திரும்பி வந்து நான்தான் கிசாங் என்று நின்றால், தலைமடையில் நின்றது பெண் என்று ஆகிவிடும். அன்றைக்கே மடையை உடைக்க வேண்டும். அதனால் ஊரில் ஒருவரும் இனி உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். தாருஸ்கூட இரண்டு நாளாக என்னைப் பார்த்து, "என்ன கிசாங், தண்ணி எப்படி?" என்று கேட்கிறான். அவன் வயலும் அதே வாய்க்காலில்தானே இருக்கிறது.

வயல் கிசாங்குடையது. முறை கிசாங்குடையது. நாளைக்கு நம் பெண்களைக் கேட்டுப் பரிசமாக மாடு ஓட்டிக்கொண்டு வந்தால், அத்திமரத்தடியில் உட்கார்ந்து பேசப்போவதும் கிசாங்தான். கூட்டம் நடக்கும்போது கோட்டைப் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்காருகிறேன். வெயிலில் வேர்த்து ஊற்றுகிறது. வாய் திறந்து பேசினால் கேட்கிறார்கள். கிலிமோகூடக் கேட்கிறார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தீர்ப்பில் ஜெபிவோட் என்று ஒருத்தி எங்கேயும் இல்லை. அவள் எங்கே போனாள் என்று அத்தனை ஆண்களில் ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் மட்டும் தண்ணீர் மொள்ளும் இடத்தில் என் பேரை மெதுவாகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது ஒன்றுதான் மிச்சம்.

நீங்கள் அவர்களிடம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்காவிட்டால், அறுவடை முடிந்ததும் கோட்டைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருந்திருப்பேன். சத்தியமாகக் காத்திருந்திருப்பேன்.

மவானைஷாவையும் பையனையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு உங்கள் முகமாவது தெரிந்திருக்கட்டும். படம் இனி அனுப்ப வேண்டாம். இன்று காலை தண்ணீர் நடத்திவிட்டுச் சேற்றுக்காலோடு வீட்டு வாசலுக்கு வந்தேன். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. செரோப் ஓடிவந்து கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்து "அப்பா" என்றாள்.

நான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் கிலிமோ நின்றிருந்தார். புல்லை இன்னும் துப்பவில்லை நான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இப்படிக்கு
கிசாங்